அவ என்னங்க சொல்றா?

ஓசூரில் நாங்கள் இருபது முப்பது பேர் சேர்ந்து, மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் நல்ல படம் பார்ப்பது வழக்கம். நல்ல படம் என்றால் விருது வாங்கிய படம். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. முடிந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரியான படம். போன மாதம் ஒரு பழைய வங்காளப் படம் போட்டார்கள். அதில் ஒரு பெரியவர் ஆற்றங்கரையில் நின்று, மகன் ஏறிப்போன படகையே பார்த்துக்கொண்டிருக்கிறார். படகு சிறுத்துப் புள்ளியாகிறது. அவர் வாய்க்குள் ஒரே ஒரு வரி முனகுகிறார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மூக்கை உறிஞ்சினார். நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. முந்தானையைக் கடித்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

படம் முடிந்து வந்த அந்த மேலாளர், "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இல்லீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படத்தை நான் ஒன்பது வயதிலேயே பார்த்திருக்கிறேன். அப்போது அந்தப் பெரியவர் படகைப் பார்த்துச் சொன்னது வேறு. "டேய், குச்சிக்கெழங்கு மூட்டைய எடுத்துட்டுப் போடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மறந்துட்டுப் போறான் பாரு!" இதைத்தான் சொன்னார். அவருக்காகப் பேசியவர் என் அப்பா.

கொல்லிமலையில் அரியூர் நாட்டில் எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், பின்னால் பள்ளத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் மரவள்ளி. மரவள்ளியை நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். அப்பாவுக்கு விவசாயம் தொழில், சினிமா உயிர். மிளகு மூட்டையோடு கீழே போகிற நாளெல்லாம் ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் மலையேறுவார். கீழே என்பது எங்களுக்கு ஒரு திசை இல்லை, ஓர் ஊர். எழுபது வளைவு இறங்கினால் வருகிற எல்லாமே கீழேதான். அங்கே எங்கள் மிளகை வாங்குகிற பாய் ஒருவர் இருந்தார். அவர் கலர் டிவி வாங்கியபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை அப்பாவின் ஆசையைப் பார்த்துச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டே எழுபது வளைவும் ஏறி வந்தார். கைக்குழந்தையைக்கூட அவர் அப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை என்று அம்மா கேலி செய்வாள். பிறகு ஒரு காலம் வந்தது. அந்தக் கேலியை அவளால் சொல்ல முடியாமல் போனது.

ஆன்டெனாவைச் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் கட்டினார்கள். எங்கள் மலைக்கு அரசுத் தொலைக்காட்சி ஒன்றுதான் எடுக்கும், அதுவும் காற்று அடங்கியிருந்தால். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதில் விருதுப் படம் போடுவார்கள். ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் ஒரியா, ஒரு வாரம் அசாமி. எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். படத்துக்கு அடியில் இங்கிலீஷில் எழுத்து ஓடும். அதுவும் எங்களுக்குப் பூச்சி ஊர்கிற மாதிரிதான். ஆனால் அப்பா அசரவில்லை. படத்துக்குப் பாஷை எதற்கு என்பது அவர் கட்சி. முகத்தைப் பார்த்தால் தெரியாதா, சொந்தக்காரன் வாசலில் வந்து நின்றால் கடன் கேட்கவா கல்யாணம் சொல்லவா என்று நமக்குத் தெரிவதில்லையா என்பார்.

ஆகவே அப்பா பேசினார். எல்லோருக்காகவும் பேசினார். ஜமீன்தாரும் பேசினார், வேலைக்காரியும் பேசினாள், ஒரு படத்தில் மாடுகூடப் பேசியது. உலகத்தில் உள்ள அத்தனை பேரும் எங்கள் மலைத் தமிழில் பேசி, மிளகு விலையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். எங்களுக்குள் ஒரு முறையும் இருந்தது. ஆம்பிளை பேசினால் நான் கேட்க வேண்டும், பொம்பிளை பேசினால் அம்மா கேட்க வேண்டும். படுதீவிரமாக ஒரு நடிகை கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவ என்னங்க சொல்றா?" என்பாள். அப்பா நெற்றியைச் சுருக்கி, காதைச் சாய்த்து, உண்மையிலேயே கேட்டு மொழிபெயர்ப்பவர் மாதிரி ஒரு நொடி எடுத்துக்கொண்டு, "மழ வருது, காயப்போட்ட மொளகு நனையுதுங்கறா" என்பார். அம்மா புடவையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். அப்பாவுக்குப் பதினாறு பாஷை தெரியும் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது பேர்பெற்ற பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறேன். கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கத் தெரிகிறது. உண்மையான வசனம் இதுதானா என்று பல நேரம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. உலகமே மெச்சிய அந்த ஆற்றங்கரை வரியைவிடக் குச்சிக்கிழங்கு மூட்டைதான் மேல் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சண்டைக்கு வந்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். எட்டு மாதம் இருந்தான்.

அது மாசி மாதம், மிளகு காய்ந்து மூட்டை கட்டியிருந்த சமயம். தம்பிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் அப்பா இரண்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க, காச்சல் விடவே இல்லீங்க. நானும் கூடவே வாரேன். பாய் கடைக்குப் பக்கத்துல டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தர்லாம்."

"மூட்டையோட புள்ளையும் எப்படிப் புள்ள? பஸ்ல நிக்கவே எடமிருக்காது. மத்தியான பஸ்ஸுக்கு வந்தர்றேன். வந்ததும் ஜீப்ப வச்சுட்டு மூணு பேருமாப் போலாம்."

மதிய பஸ்ஸில் அப்பா வரவில்லை. தம்பி பால் குடிப்பதை நிறுத்தியிருந்தான். அம்மா என்னைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, ஊரில் இருந்த ஒரே ஜீப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மாலை பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு வளைவில் ஜீப் ஒதுங்கி நின்று பஸ்ஸுக்கு வழி விட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் அப்பா இருந்தார். ஜீப்பில் அம்மா மடியில் தம்பி அப்போதே குளிர்ந்துவிட்டிருந்தான். அது எந்த வளைவு என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் மலைக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் இதுவாக இருக்குமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

பத்து நாள் கழித்து அம்மா துணி துவைத்தாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா பார்க்கிற படங்களுக்குத் தியேட்டரில் கிழித்துக் கொடுக்கிற பாதி டிக்கெட்டுகளை நான் சேர்த்து வைப்பேன். கீழே போய்விட்டு வந்தால் முதலில் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து என் கையில் வைப்பார், பிறகு கதையைச் சொல்வார். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று என் பவுடர் டப்பா நிறைய டிக்கெட். அன்றைக்கு அம்மா, அப்பாவின் சட்டையைக் கல்லில் வைத்துவிட்டுப் பையைத் துழாவினாள். ஒரு ரோஸ் டிக்கெட் வந்தது. ஈரக் கையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இந்தா கண்ணு, உன்னோடது" என்று உள்ளங்கையில் வைத்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நோட்டுக்குள் வைத்து அமுக்கிக் காயவைத்தேன். அது எந்த நாளின் டிக்கெட் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இந்த முறை அப்பா ஏன் கதை சொல்லவில்லை என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

தம்பியின் தூளியை அவிழ்த்த அம்மா, அந்தச் சேலையை மடித்து டிவியின் மேல் போட்டாள். அது அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அப்பா காட்டுக்குப் போய்விடுவார். வேலை இருந்ததோ இல்லையோ, போய்விடுவார். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. அம்மா சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். "ஏனுங்க" என்ற ஒரு சொல் மட்டும் நின்றுபோயிருந்தது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள். "சோறு ஆறுதுன்னு சொல்லு கண்ணு." அப்பா இரண்டடி தூரத்தில்தான் நிற்பார். நான் திரும்பிச் சொல்வேன். எனக்கு அது ஒரு விளையாட்டாகக்கூட இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, ஆடி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழையில் காட்டுக்குப் போக முடியாமல் அப்பா சுவரோரம் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்தாள். டிவி மேலிருந்த சேலையை எடுத்தாள், முகத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டாள், துணிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு டிவியைப் போட்டாள்.

படம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மழையிலும் அதிசயமாகப் படம் தெளிவாக விழுந்தது. "இது என்ன பாஷைப்பா?" என்றேன்.

"கன்னடம்" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிற அறிவு எனக்கு அன்றைக்கு இல்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ராசிபுரத்திலிருந்து புதிதாக ஓர் இங்கிலீஷ் டீச்சர் வந்திருந்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்ட புதுசு. கண்ணில் பட்ட இங்கிலீஷையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போய் அவரிடம் அர்த்தம் கேட்பேன். பிஸ்கட் உறை, உர மூட்டை, பஸ்ஸின் பின்பக்கம், ஒன்றையும் விடவில்லை. அன்றைக்கு டிவிக்குக் கீழே ஓடுகிற எழுத்தைப் பிடிக்க நோட்டோடு உட்கார்ந்தேன். அது பிடிக்குள் அகப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு குழந்தை. அவன் வேஷம் கட்டி ஆடுகிற கூத்துக்காரன். முதலில் அப்பா பேசவே இல்லை. நான்தான் முறையை மறக்காமல், "அவன் என்னப்பா சொல்றான்?" என்று நச்சரித்தேன். "கொடைய எங்க வச்சேங்கறான்" என்றார் சுரத்தில்லாமல். அம்மாவின் உதடு லேசாக அசைந்தது. அது போதும் என்று அப்பா இன்னும் இரண்டு வசனம் பேசினார். மண்வெட்டிப் பிடியைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு படத்தில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

அவள் வேண்டாம் என்று கையைப் பிடிக்கிறாள். அவன் கிரீடத்தை மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஆடப் போகிறான். அப்பா எழுந்து டிவியருகே போனார். "சிக்னல் சரியில்ல" என்றார்.

"நல்லாத்தான் தெரியுது" என்றாள் அம்மா. ஐந்து மாதத்தில் நேராக அவரிடம் சொன்ன முதல் பேச்சு. "உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். படத்தில் அவன் ஆடினான், ஆட்டம் முடிந்து, முகத்துச் சாயத்தைக்கூடக் கழுவாமல் வயல் வரப்பில் ஓடி வந்தான். வீட்டுக்குள் அவள் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவன் குனிந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தான். அவள் நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்து, ஒன்றைச் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே எழுத்தும் அப்படியே நின்றது. மூன்றே மூன்று சின்ன வார்த்தைகள். எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ஒரு முழு வரியை அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதிப் பிடித்தேன்.

"அவ என்னங்க சொல்றா?" என்று அம்மா கேட்டாள்.

ஓட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. படத்தில் அவன் முகத்துச் சாயம் கண்ணீரில் கரைந்து கோடு கோடாக இறங்கியது.

"உங்களத்தானுங்க. அவ என்ன சொல்றா?"

அப்பா டிவியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, அவருடைய குரலே இல்லாத ஒரு குரலில், "உம்மேல தப்பு இல்லைங்கறா" என்றார்.

அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க. அப்படித்தான் சொல்றா" என்றாள்.

அப்பா எழுந்து, ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மழைக்குள் இறங்கிப் போனார். படம் தெளிவாகத்தானே தெரிகிறது, எதற்குப் போகிறார் என்று நினைத்தேன். நெடுநேரம் மரத்தடியில் நின்றுவிட்டு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மழையில் நனைந்ததால் என்று நான் நினைத்தேன். அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தாள். என்னிடம் கொடுத்து அனுப்பவில்லை, அவளே கொடுத்தாள்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "ஏனுங்க, கொடைய எடுத்துட்டுப் போங்க" என்று அம்மா சொல்வது கேட்டது. "எங்க வச்ச?" என்றார் அப்பா. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. நேற்று படத்தில் கேட்ட அதே கேள்வி.

டீச்சர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். இதை எங்கே பார்த்தாய் என்று கேட்டார். டிவியில், படத்தில் ஒரு அம்மா சொன்னது என்றேன். "நீதான் அவனைக் கொன்னுட்ட" என்று அர்த்தம் சொல்லிவிட்டு, இந்த மாதிரிப் படமெல்லாம் சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்றார். என் காதில் இரண்டாவது பாதி விழவில்லை. அப்பா சொன்னது தப்பு! பதினாறு பாஷை தெரிந்த அப்பாவின் தப்பை நான் கண்டுபிடித்துவிட்டேன்! பள்ளிக்கூடம் விட்டதும் வழியில் எங்கும் நிற்காமல் ஓடினேன்.

அப்பாவும் அம்மாவும் வாசலில் கிழங்குக் குவியலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். அப்பா எதையோ சொல்ல, அம்மா கத்தியை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் கண்ணால் பார்க்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

"அப்பா, நீ நேத்து சொன்னது தப்பு. அவ அப்படிச் சொல்லல. 'நீதான் அவனைக் கொன்னுட்ட'ன்னு சொன்னா. டீச்சர் சொன்னாங்க. இங்க பாரு, எழுதியிருக்கேன்!"

நோட்டைப் பிரித்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அந்த மூன்று வார்த்தையையும் படிப்பவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அப்படியா சொன்னா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கையிலிருந்த கிழங்கைப் பார்த்தாள். "டீச்சருக்கு என்னங்க தெரியும்" என்றாள் கடைசியில். ஆனால் அது வருவதற்குள் நேரமாகிவிட்டிருந்தது. அப்பா நோட்டை மூடி, மண் படாமல் என் பையின் மேல் வைத்துவிட்டு, கிழங்குக் காட்டுப் பக்கம் இறங்கிப் போனார்.

என்னை யாரும் திட்டவில்லை. அம்மா, "போயிச் சட்டைய மாத்து கண்ணு" என்றாள். அவ்வளவுதான். பாராட்டு கிடைக்கவில்லையே என்று எனக்குக் கோபம். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று அழுதேன். என்ன வீம்பு!

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் டிவி சாக்கில் கட்டப்பட்டு, கீழே பாய் வீட்டுக்குத் திரும்பிப் போனது. அப்பா அதன் பிறகு ஒரு படமும் பார்க்கவில்லை. ஆயுளுக்கும் பார்க்கவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு ஒருமுறை சேலத்தில் வற்புறுத்தித் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். உள்ளே வர மாட்டேன் என்று சொல்லி, படம் முடிகிற வரைக்கும் டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். வீட்டில் பேச்சுவார்த்தை இருந்தது. மிளகு, மழை, என் படிப்பு, என் கல்யாணம், எல்லாவற்றையும் பேசினார்கள். ஒரு பாரத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் மாதிரி, ஒருவரை ஒருவர் பார்க்காமல், அடி பிசகாமல் நடந்தார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அம்மாவை ஓசூருக்கு அழைத்து வந்தேன். வந்த மறுவாரம், வாசலில் கீரைக்காரம்மாவின் குரலும் அம்மாவின் குரலும் கேட்டன. அந்தக் கீரைக்காரம்மாவுக்குக் கன்னடம்தான் வரும். நானே கை ஜாடையில்தான் கீரை வாங்குவேன். எட்டிப் பார்த்தால் அம்மா படியில் உட்கார்ந்து, சொந்த அக்காவோடு பேசுவது போலப் பேசிக்கொண்டிருக்கிறாள். தடங்கலே இல்லாத கன்னடம்.

அம்மா உள்ளே வந்ததும் கேட்டேன்.

"குடகுல காப்பித் தோட்டத்துல ஏழு வருசம் இருந்தமே. எங்கப்பன் அங்கதான செத்தாரு. அந்தப் பேச்சே வேண்டாம்னு விட்டது. நீ கேட்டதில்ல, நான் சொல்லல."

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாமயா? பொண்ணு பாக்க வந்தப்பவே, கன்னடத்துல ஒரு வார்த்த சொல்லு கேக்கலாம்னாரு. எல்லாரு முன்னாலயும். எனக்கு மானமே போச்சு." சொல்லிவிட்டுக் கீரையை முறத்தில் உதறினாள்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். பால் பொங்கி வழிந்தது. அந்தப் படம் பார்த்த அன்றைக்கு வீட்டில் கன்னடம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் அவள் கேட்டாள், தெரிந்துதான் அவர் சொன்னார். "அப்படித்தான் சொல்றா" என்று அவள் சொன்னபோது ஐந்து மாதமாக அவர் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது. அது ஒரு நாள் முழுசாகக்கூட நிற்கவில்லை. நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். "அப்படியா சொன்னா?" என்று அப்பா கேட்டது அந்தப் படத்தில் வந்தவளைப் பற்றி இல்லை. இந்த ஒன்று அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தால்! அப்பா இருந்தவரை அவர் அதை மறுபடி கேட்கவில்லை, அம்மாவும் தானாகச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் என் நாலு கோடு நோட்டு கிடந்தது.

இந்த மாதத் திரையிடலுக்குப் படம் தேர்ந்தெடுக்கிற முறை என்னுடையது. பட்டியலைப் புரட்டும்போது ஒரு கன்னடப் படத்தின் புகைப்படத்தில் அந்த முகம் இருந்தது, சாயம் கோடு கோடாக இறங்கிய முகம். பழுது பார்த்துப் புதுப் பிரதியாக வெளியிட்டிருக்கிறார்களாம். எல்லோர் மத்தியிலும் அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு லேப்டாப்பை மேஜைமேல் வைத்தேன். அம்மா முருங்கைக்கீரையை முறத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன படம் என்று கேட்கவில்லை. முதல் காட்சியிலேயே கை ஒருமுறை நின்றது, பிறகு கீரையை உருவத் தொடங்கியது.

நல்ல படம். மேதைகளுடைய படம் என்று எழுதுகிறார்களே, அது பொய்யில்லை. அவன் கிரீடத்தை மூட்டை கட்டினான். ஆடினான். வரப்பில் ஓடி வந்தான். குழந்தையின் காலைத் தொட்டான். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். கீழே அதே மூன்று வார்த்தைகள் வந்து நின்றன. இப்போது நான் அவற்றை எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை.

"அவ என்னம்மா சொல்றா?" என்றேன்.

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீரைக்காம்பு விரலில் அப்படியே இருந்தது.

"உம்மேல தப்பு இல்லைங்கறா."

எழுத்து இன்னும் மறையவில்லை. நான் லேப்டாப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாம்மா," என்றேன். "அப்படித்தான் சொல்றா."